காத்தில்லாத எடத்துல றெக்கை எதுக்கு

அண்ணாச்சி எதுவரைக்கும்? திருச்செந்தூரா? நல்லதாப் போச்சு. நான் தூத்துக்குடி. புது பஸ் ஸ்டாண்டுல எறங்கணும். நான் அசந்துட்டா கொஞ்சம் தட்டி எழுப்பி விட்டுருங்க. தூங்க மாட்டேன், சும்மா சொல்லி வைக்கேன். ஆனாலும் பக்கத்துல ஒரு ஆளுகிட்ட சொல்லி வச்சிருக்கது நல்லது, பாத்துக்கிடுங்க.

முன் சீட்டு ஆளப் பாருங்க. காது முடியெல்லாம் நரைச்சுப் போச்சு, மாட்டுத்தாவணில ஏறுனதுல இருந்து போனுல ஒரே டுமீல் டுமீல். வானத்துக்கு மேல, கெரகங்களுக்கு நடுவுல சண்ட. அந்தக் கப்பல் றெக்கைய ஒரு பக்கமா சாச்சுக்கிட்டுத் திரும்புது, பாத்தீங்களா? எனக்குப் பத்திக்கிட்டு வருது. காத்தே இல்லாத எடம் அண்ணாச்சி அது. காத்தில்லாத எடத்துல றெக்கை எதுக்கு? டுமீல்னு சத்தந்தான் எப்படி வரும்? சொல்லுங்க!

சிரிக்கீங்க. பத்து மாசமா இதுதான் என் சோலி. மதுரையில ஒரு சின்னக் கம்பெனி, கம்ப்யூட்டர்ல ஆடுற கேம் செய்யுதாவ. அதுல வானத்துக் கப்பல் எப்படி இருக்கணும்னு சொல்லிக் குடுக்க ஆளு வச்சாவ. அந்த ஆளு நான். சத்தியமா. என் பேரு இன்னாசி மொத்தா. இருபத்தாறு வருசம் சரக்குக் கப்பல்ல பிட்டர். பிட்டர்னா, இன்ஜின் ரூம்ல எது ஒடஞ்சாலும் எது ஒழுகுனாலும் கடஞ்சு, பத்த வச்சு, திரும்ப ஓட வைக்கணும். கேப்டன் இல்லாம கூட ஒரு நாளு ஓட்டிரலாம். பிட்டர் இல்லன்னா தண்ணிக் குழாய்ல தண்ணி வராது.

இன்னைக்கு அந்தச் சோலி முடிஞ்சுது. வீட்டுக்குப் போறேன். வீட்டுக்காரி சகாயராணி பஸ் ஸ்டாண்டுல வந்து நிப்பா. நேத்து போன்ல கறாரா சொல்லிட்டா. "மூணு மணிக்கு வந்து நிப்பேன். நீங்க எறங்குனா வீடு. எறங்கலன்னா, ஞாயித்துக்கெழமை தோறும் எப்ப வாரீங்க எப்ப வாரீங்கன்னு கேக்கேன்லா, அத இனிமே கேக்க மாட்டேன்." அவ்வளவுதான், போன வச்சிட்டா. பஸ்ல ஏறுனவன் எறங்காம எங்க போவான்? பொம்பளைக்கு எல்லாத்துலயும் அவசரம்.

கம்பெனிக் கதையச் சொல்லுதேன் கேளுங்க. மொதலாளி திலீபன், முப்பது வயசு இருக்கும். என் சகலை வீட்டு மாடில குடியிருந்த பையன். மொத நாளு என்னப் பெரிய டிவி முன்னால உக்கார வச்சான். "அங்கிள், இதான் நம்ம கப்பல், எப்படி இருக்கு?"ன்னான். பருந்து மாதிரி மூக்கு. ரெண்டு பக்கமும் றெக்கை. முன்பக்கம் பூரா கண்ணாடி, ஜவுளிக்கடை வாசல் மாதிரி. நான் சுத்திச் சுத்திப் பாத்தேன். "கக்கூசு எங்க?"ன்னேன்.

"என்ன அங்கிள்?"

"இருபத்திரெண்டு பேரு எட்டு மாசம் போறாவன்னு எழுதிருக்க. கக்கூசு எங்கடே?"

அந்த ரூம்ல ஒம்பது பேரு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காவ. கப்பல வரைஞ்ச பிள்ளை இலக்கியா, வெடிச்சுச் சிரிச்சிட்டா. "மறந்துட்டேன் அங்கிள்"ங்கா. துப்பாக்கி பதினாறு இருக்கு, கக்கூசு மறந்து போச்சாம்! அன்னைக்கே எனக்கு வேலை குடுத்துட்டான்.

அங்கன ரெண்டே வார்த்தைதான் அண்ணாச்சி. ஒண்ணு ரியல். இன்னொண்ணு ஃபன். நான் ரியல் கட்சி, இலக்கியா ஃபன் கட்சி. காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சா டீ வர்ற வரைக்கும் சண்டைதான். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, உசிலம்பட்டிப் பக்கம். வாயி மட்டும் இந்த நீளம்.

பிரேக்குன்னு ஒண்ணு வச்சிருந்தா. கைய எடுத்தா கப்பல் நிக்குது. ஆட்டோவாமா அதுன்னு கேட்டேன். கடல்லயே இன்ஜின நிறுத்துனா கப்பல் ரெண்டு மைலு போயித்தான் நிக்கும். மேல தண்ணியும் கெடையாது, காத்தும் கெடையாது, புடிச்சு நிறுத்த ஒண்ணுமே கெடையாது. நீ நிறுத்துனாலும் அது போய்க்கிட்டேதான் இருக்கும்.

அவ சொல்லுதா, "அங்கிள், அப்படி வச்சா ஆடுறவங்க எதுலயாச்சும் முட்டிக்கிட்டே இருப்பாங்க. கை சொல்றத கேட்டாத்தான் வெளையாட்டு. நீங்க சொல்ற மாதிரி வச்சா அதுக்குப் பேரு டிரெய்னிங்." திலீபன் சிரிக்கான். எனக்குக் கோவம். அன்னைக்கு டீயே குடிக்கல.

ஆனா எல்லாத்துலயும் தோத்தேன்னு நெனைக்காதீங்க. சத்தத்துல ஜெயிச்சேன். வெளிய சத்தம் இருக்கக் கூடாது, சரி. உள்ள இருக்கவனுக்கு இரும்பு வழியா வரும்லா? பம்பு ஓடுறது காதுல கேக்கது இல்ல, கால்ல கேக்கது. செருப்ப கழத்திட்டு நின்னா எந்தப் பம்பு ஓடுது, எது நின்னு போச்சுன்னு சொல்லிரலாம். இலக்கியா அத மறுநா கேமுல வச்சிட்டா, ஆடுறவன் கையில புடிச்சிருக்க சாமான் அதிருது. அப்புறம் ஏணிக் கைப்பிடி. எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி பெயிண்டு அடிச்சு வச்சிருந்தா. அப்படி இருக்காதும்மா, திரும்புற மொனையில மட்டும் பெயிண்டு போயி பளபளன்னு இருக்கும், எல்லாரும் அங்கனதான் புடிப்பாவன்னேன். அதையும் வரைஞ்சா. றெக்கைய வெட்டுனா. கண்ணாடிய சுருக்கி நாலு சின்ன வட்டமா வச்சா. சனிக்கெழமை தோறும் காலேஜ் பிள்ளைகளக் கூப்பிட்டு ஆட விட்டு வேடிக்கை பாப்பாவ. அதுல ஒரு பொண்ணு சொல்லுச்சு, "இந்தக் கப்பல்ல யாரோ நெசமாவே இருந்திருக்காங்க போல"ன்னு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு அண்ணாச்சி. பொய் சொல்லுவானேன், பாத்ரூம் போயி மூஞ்சி கழுவிட்டு வந்தேன்.

இது அருப்புக்கோட்டையா? டீ குடிக்க எறங்குறீங்களா? போயிட்டு வாங்க. நான் இருக்கேன். எனக்கு வேண்டாம். உங்க பையப் பாத்துக்கிடுதேன்.

வந்துட்டீங்களா? வடை எனக்கா? எதுக்கு அண்ணாச்சி... சரி குடுங்க.

எங்க விட்டேன்? ஆங். ஒரு நாளு சாப்பாட்டு நேரத்துல என் கதையச் சொன்னேன். சும்மாதான், பேச்சு வாக்குல. அந்த நங்கூரக் கதை. கப்பல் பேரும் வேண்டாம், அந்த ஊரு பேரும் வேண்டாம். வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு நாலு மைலு வெளிய நங்கூரம் போட்டு நின்னோம், உள்ள விட எடம் இல்லன்னு. ரெண்டு நாளுன்னாவ. அதுக்குள்ள கப்பல் மொதலாளி போன எடுக்கல. எடுக்கவே இல்ல. ஆபீஸப் பூட்டிட்டுப் போயிட்டான். எண்ணெய் வரல, சாப்பாடு வரல. கரையில விடச் சொன்னா, அந்த நாட்டுக்காரன் பேப்பர் எங்கன்னு கேக்கான். பேப்பர் மொதலாளிகிட்ட. மொதலாளி எங்க? ஆண்டவருக்குத்தான் தெரியும். அப்படியே அஞ்சு மாசம். பதினேழு பேரு, ஒருத்தர ஒருத்தர் கடிச்சுத் திங்காத குறை.

அப்புறம் எந்த ஆபீசுலயோ பேசி, எல்லாரும் போலாம்னாவ. ஆனா கப்பல ஆளில்லாம விடக் கூடாது. அது சட்டம். ஒருத்தன் காவலுக்குக் கையெழுத்துப் போட்டு இருக்கணும். அவன் எறங்கக் கூடாது. யாரு இருக்கீங்கன்னு கரையில இருந்து லாஞ்சு படகுல வந்தவன் கேக்கான். கேப்டனுக்கு நெஞ்சு வலி. சமையக்காரருக்கு அம்மா சாகக் கெடக்கா. மத்தவன் எல்லாம் தரையப் பாக்கான். எனக்கு என்ன தோணுச்சுன்னா, அடித்தண்ணிய எறைக்கலன்னா கப்பல் முங்கிரும், அந்தப் பம்பு என் கைக்கு மட்டுந்தான் ஓடும். நான் இருக்கேன்னுட்டேன். பதினஞ்சு நாளுன்னான். ஒம்பது மாசம் ஆச்சு.

தனியா. ஆமா, தனியா. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ லாஞ்சு வரும், அரிசி, தண்ணி, டீசலு. கயித்துல தூக்கிக்கிட வேண்டியது. தண்ணி ஒரு நாளைக்கு நாலு கப்பு, எல்லாத்துக்கும் சேத்து. காலைல நாப்பத்திரெண்டு வால்வையும் ஒரு சுத்து திருப்பி மூடுவேன், இல்லன்னா துரு புடிச்சு இறுகிரும். அப்புறம் பைனாகுலர எடுத்துக்கிட்டு ஊரப் பாப்பேன். ஒரு வீட்டு மாடில ஒரு பொம்பளை துணி காயப் போடுவா. மூஞ்சி தெரியாது. செவப்புப் போர்வை ஒண்ணு வச்சிருந்தா. ஒரு நாளு இருட்டப் போவுது, துணிய எடுக்க வரல. எனக்குக் கெதக்குன்னு ஆயிட்டு. காச்சலா, என்னமோன்னு. மறுநா வந்து எடுத்தா. அப்பாடான்னு அன்னைக்கு ஒரு கப்பு தண்ணி கூடக் குடிச்சேன்.

இதச் சொல்லி முடிச்சேன். ஒருத்தரும் சோறு திங்கல. திலீபன்தான் சொன்னான், "அங்கிள், இத கேமுல ஒரு பாகமா வச்சிரலாமா?" ஒரு கெரகத்துக்கு முன்னால கப்பல் நிக்கும், உள்ள விட மாட்டாவ, ஆடுறவன் அந்தக் கப்பல உசிரோட வச்சிருக்கணும். எனக்கு எப்படி இருந்துருக்கும்? நான் விடலயே! மூணு மாசம் ராப்பகலா உக்காந்தேன். நாப்பத்திரெண்டு வால்வும் அதது எடத்துல. தண்ணி நாலு கப்பு. தூரத்துல கெரகத்துல ஒரு வீடு, ஒரு பொம்பளை, செவப்புப் போர்வை. எல்லாம் வச்சோம்.

சனிக்கெழமை பிள்ளைக வந்தாவ. ஆடுனாவ. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். ஒரு பொண்ணு என்னத் திரும்பிப் பாத்து, "அங்கிள், இதுல எப்ப ஜெயிப்போம்?"னு கேட்டுச்சு. இதுல ஜெயிக்கதெல்லாம் கெடையாதும்மா, இருக்கதுதான்னேன். "அப்ப எப்பிடி வெளிய போறது?"ன்னா. போக முடியாதும்மான்னேன். அந்தப் பொண்ணு கையில இருந்த சாமான கீழ வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டு. மத்ததும் ஒவ்வொண்ணா எந்திரிச்சுட்டு. ஒரு மணிக்கு ரூமு காலி. திலீபன் மூஞ்சியில ஈயாடல.

அங்கனதான் அந்த போட்டுச் சண்டை ஆரம்பிச்சுது. உசிரு காக்குற போட்டு, அதான் அந்தச் சின்னப் படகு, கப்பல் ஓரத்துல தொங்கும்லா? நெசத்துல இருந்துச்சு, அதனால கேமுலயும் வரையச் சொன்னேன். வர்றவன் எல்லாம் மொத வேலையா அதுல ஏறித்தான் பட்டன அமுக்குதான். அது எறங்காது. நான்தான் எறங்காம வைக்கச் சொன்னேன். இலக்கியா சண்டைக்கு வந்துட்டா.

"எறங்காத போட்ட எதுக்கு அங்கிள் வைக்கணும்? எறக்குவோம். ஆடுறவங்க கரைக்குப் போகட்டும். அதான் ஃபன்."

"போனா புடிச்சு உள்ள போட்டுருவான். பேப்பர் இல்ல. கையெழுத்து போட்டவன் கப்பல விட்டா குத்தம். அந்த போட்டு எறங்காது."

"நெசத்துல அது எறங்குமா, எறங்காதா?"

"எறங்கும். நான்தான் கிரீஸ் போட்டு வச்சிருந்தேன்."

"எத்தன தடவ அதுல ஏறி உக்காந்தீங்க அங்கிள்?"

இதெல்லாம் ஒரு கேள்வியா? ஆனா அந்தப் பிள்ளை கேட்ட தோரணையில பொய் வரல. தெனமும்னேன். சாயந்தரம் ஏறி உக்காந்து, போட்ட எறக்குற கம்பியப் புடிச்சுக்கிட்டு, சகாயத்த நெனைப்பேன், பிள்ளைய நெனைப்பேன். அப்புறம் எறங்கி வந்து பம்பப் போடுவேன். தெனமும். அவ எந்திரிச்சுப் போயிட்டா.

கடைசியா எப்படி வந்தேன்னு கேக்கீங்களா? கப்பல ஏலத்துல ஒருத்தன் எடுத்தான். அவன் ஆளுக லாஞ்சுல வந்து, நீ போலாம்ன்னான். ஒரு வால்வு லேசா ஒழுகுச்சு, அடைச்சுட்டு வாரேன்னு கீழ போனேன். மூணு மணி நேரம் தேடுனானுவளாம். ரெண்டு பேரு வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாவ. அவனுகளுக்குப் பொறுப்புன்னா என்னன்னு தெரியாது, வேற என்ன.

எட்டயபுரம் வந்துட்டா? மொத தடவ நான் இங்கன எறங்கித்தான் திரும்புனேன். ஆமா அண்ணாச்சி, இதுக்கு முன்ன மூணு தடவ வீட்டுக்குன்னு கெளம்பிருக்கேன். மொத தடவ, ஆபீசுல ஒரு வேலை பாதில நிக்குதுன்னு ஞாபகம் வந்துச்சு, இங்கன எறங்கி எதுத்த பஸ்ஸப் புடிச்சேன். ரெண்டாவது தடவ குறுக்குச்சாலைங்குற ஊர்ல எறங்கித் திரும்புனேன். மூணாவது தடவ தூத்துக்குடி வரைக்கும் வந்தாச்சு. சகாயமும் நிக்கா. ஆனா கூட்டம்னா கூட்டம், எறங்க முடியல. பஸ்ஸு திருச்செந்தூர் போயிட்டு. அங்கன எனக்கு ஒரு சோலியும் இருந்துச்சு. என்ன சோலின்னு அவ கேட்டா. எல்லாத்தையும் பொம்பளைகிட்ட சொல்ல முடியுமா?

வீட்ல இருக்கப் புடிக்காதவன்னு நெனைக்காதீங்க. கப்பல்ல இருந்து வந்து நாலு மாசம் வீட்லதான் இருந்தேன். ஆனா எனக்கு அங்க வேலை இல்லயே. குழாயத் தெறந்தா தண்ணி கொட்டுது. பிள்ளை ஷைனி பத்தாங் கிளாஸ், பல்லு வெளக்கும்போது குழாய மூடாது. நான் கப்பக் கொண்டு போயி அளந்து குடுத்தேன். "அப்பா, மோட்டார் போட்டா வரும்ப்பா"ன்னு சிரிச்சா. நான் கத்திட்டேன். ஒரு பிள்ளைய அப்படிக் கத்தக் கூடாது. அன்னைக்கு ராத்திரி சகாயம் என் கட்டில்கிட்ட வந்து நின்னு, "நீங்க இன்னும் வந்து சேரலீங்க"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. கண்ணு முன்னாலதான படுத்திருக்கேன். அப்புறந்தான் மதுரைல இருந்து திலீபன் கூப்பிட்டான், ரெண்டு வாரம் வந்துட்டுப் போங்கன்னு. எனக்கும் கைக்கு ஒரு வேலை கெடச்சுது. தங்க ஆபீசுலயே ஒரு ரூமு குடுத்தான். ஜன்னல் இல்லாத ரூமு, நல்லா வசதியா இருந்துச்சு.

இப்ப மெயின் விசயத்துக்கு வாரேன். போன வாரம், புதன்கெழமை. இலக்கியா வந்து, "அங்கிள், போட்டு எறங்குற மாதிரி ஒண்ணு செஞ்சு பாத்திருக்கேன். ரியலா இருக்கான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். புடிக்கலன்னா தூக்கிருவோம்"ன்னா. நியாயமான பேச்சுதான்னு உக்காந்தேன். பட்டன மூணு நிமிசம் இல்ல, மூணே செகண்டு அமுக்கிப் புடிச்சா போட்டு எறங்கும். கரையில போயி ஒதுங்கும். கதவு தெறக்கும். ஒரு தெரு இருக்காம், அந்தத் தெருவுல நடந்து போலாமாம்.

நான் போட்டுல ஏறுனேன். பட்டன்கிட்ட போனேன். அப்ப பாத்தா ஏழாம் நம்பர் வால்வு பாக்கி. எறங்கிப் போயி திருப்பிட்டு வந்தேன். வந்தா தண்ணி அளவு குறிக்கல. குறிச்சேன். வந்தா பம்பு சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சு. எந்தக் கப்பல்காரனும் இப்படிப் போட்டது போட்டபடி விட்டுட்டுப் போக மாட்டான். ரெண்டரைக்கு உக்காந்தேன், அஞ்சரை ஆயிட்டு. எல்லாரும் பைய மாட்டிக்கிட்டு என் பின்னால நிக்காவ. நான் சொன்னேன், "பட்டன் வேலை செய்யலம்மா."

திலீபன் குனிஞ்சு அமுக்குனான். போட்டு எறங்கிட்டு. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டு எறங்கிட்டு. திரும்ப மேல ஏத்தி என் கையில குடுத்தான். எனக்கு வேலை செய்யல. அவன் அமுக்குனா செய்யுது, நான் அமுக்குனா செய்யலன்னா கோளாறு எதுல? பட்டன்லதான? இலக்கியா என் பக்கத்துல வந்து முட்டி போட்டு உக்காந்தா. மெதுவா சொல்லுதா, "நீங்க அமுக்கவே இல்ல அங்கிள். மூணு மணி நேரமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவளுக்குக் கண்ணு கெட்டுப் போச்சுன்னேன். கத்துனேன். இது கப்பலே இல்ல, பொம்மைன்னேன், நாலு பேரு கைதட்டணும்னு உண்மையக் கொன்னுட்டியேன்னேன். அந்தப் பிள்ளை அழல. போயி என் வீட்டுக்குப் போன் போட்டுட்டா. சகாயத்துகிட்ட ஒரு மணி நேரம் பேசிருக்கா! என்ன பேசுனாளுவளோ. எனக்குத் துரோகமாத்தான் பட்டுது. மறுநாளே திலீபன், "அங்கிள், கப்பல் முடிஞ்சிருச்சு. இனி உங்களுக்கு இங்க வேலை இல்ல, வீட்டுக்குப் போங்க"ன்னுட்டான். இன்னைக்குக் காலைல அவனே கொண்டாந்து பஸ்ல ஏத்தி, பஸ்ஸு நகர்ற வரைக்கும் கீழ நின்னான், என்னமோ நான் ஓடிப் போயிருவேங்குற மாதிரி. என் கப்பல்ல போட்டு எறங்கத்தான் போவுது அண்ணாச்சி. ஊர்ல உள்ள பயலுவ எல்லாம் மூணு செகண்டு அமுக்கிட்டு வீட்டுக்குப் போவப் போறானுவ. அதுல எனக்கு வயிறு எரியுது. பதினாலு மாசம் இருந்தவன் நான். ஒருத்தனுக்காச்சும் அது எப்படி இருந்துச்சுன்னு தெரிய வேண்டாமா?

உப்பளம் வந்துட்டு. வெள்ளை வெள்ளையா குமிச்சு வச்சிருக்கான். மணி என்ன? ரெண்டே முக்காலா? இன்னைக்குன்னு பாத்து இந்த டிரைவர் நேரத்துக்குக் கொண்டாந்துட்டான்.

ஆமா, இதுதான் பஸ் ஸ்டாண்டு. தெரியும் அண்ணாச்சி, தட்ட வேண்டாம், முழிச்சுத்தான் இருக்கேன். கூட்டம் எறங்கட்டும். அந்தா நிக்கா பாருங்க, பழக்கடை பக்கத்துல, பச்சை சேலை. அதான் சகாயம். மெலிஞ்சுட்டா. ஒவ்வொரு ஜன்னலா பாத்துக்கிட்டு வாரா.

கூட்டம் எறங்கிட்டுதான். எறங்குதேன். கண்டக்டர், ஒரு நிமிசம்ப்பா, கத்தாதீங்க. அண்ணாச்சி, நீங்க இந்த வழிய விட வேண்டாம், அப்படியே இருங்க. இருங்க. சொல்லுதேன்லா.

கால் வரல அண்ணாச்சி. நெசமாச் சொல்லுதேன். கூட்டமும் இல்ல, சோலியும் இல்ல, போன தடவையும் இதேதான். மூணு படி. அதுக்கு அங்கிட்டு என் பொண்டாட்டி நிக்கா. எனக்குக் கால் வரல. நான் எறங்குனா இங்க எல்லாம் யாரு பாப்பான்னு இருக்கு. எத யாரு பாக்கணும்? ஒண்ணுமில்ல, இது கவருமெண்டு பஸ்ஸு! எனக்குத் தெரியுது. தெரிஞ்சும் வரல. கண்டக்டர், திருச்செந்தூர் ஒண்ணு போடுங்க.

பாத்துட்டா. என்னப் பாத்துட்டா. கையக் காட்டுனேன். அவ கையக் காட்டல. சரிதான், கோவம். போயிருவா. இனிமே ஞாயித்துக்கெழமை போன் வராது. போகட்டும். நான் என்ன செய்ய முடியும்? நான் என்ன செய்ய முடியும் அண்ணாச்சி?

ஏய் சகாயம், நீ எதுக்கு ஏறுத? எறங்கு, எறங்கு, பஸ்ஸ எடுக்கப் போறான். விசிலு அடிச்சிட்டான் பாரு. ஷைனி பள்ளிக்கூடம் விட்டு வந்துருவாள்லா? என்னது, தங்கச்சி வீட்டுக்குப் போகச் சொல்லிட்டியா? அப்ப நீ நெனைச்சுக்கிட்டேதான் வந்திருக்க!

கேட்டீங்களா அண்ணாச்சி, என்ன சொல்லுதான்னு? அவளும் திருச்செந்தூருக்கு டிக்கெட் எடுக்காளாம். அங்கன போயி அதே பஸ்ல திரும்பி வருவோம்ங்கா. தூத்துக்குடில எறங்க முடிஞ்சா எறங்குவோமாம். முடியலன்னா அப்படியே மதுரைக்குப் போவோமாம். திரும்ப வருவோமாம். "உங்களுக்குக் கால் வர்ற அன்னைக்கு எறங்குவோம், அதுவரைக்கும் நானும் இதுல இருக்கேன்"ங்கா. இது நடக்குற காரியமா? கோட்டி புடிச்சவ. இட்லிப் பொட்டலம் வேற கட்டிக் கொண்டாந்திருக்கா.

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. கொஞ்சம் எந்திரிச்சுப் பின் சீட்டுல உக்காந்துக்கிடுங்க. அவ உக்காரட்டும்.